மர நிழல் வீண் நிலமல்ல: காட்டு மூலிகைகளை விதையிலிருந்து வளர்ப்போம்

வன்னியில் 2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக் குடியமர்ந்த குடும்பங்கள், கொட்டில் போட்டுக் கிணறு இறைத்த கையோடு செய்த வேலைகளில் ஒன்று மரம் நட்டது. மாவும் பலாவும் வேம்பும் அன்று முழங்கால் உயரக் கன்றுகள். இன்று அவை கூரைக்கு மேலாகக் கிளை விரித்து நிற்கின்றன. நிழல் கிடைத்தது, காய் கனியும் கிடைத்தது. ஆனால் கத்தரியும் மிளகாயும் வெண்டியும் நின்ற பாத்திகள் நிழலுக்குள் அகப்பட்டுவிட்டன. இனி இந்த நிலத்தில் என்ன வரப்போகிறது என்று சொல்லி, சருகு கூட்டி எரிக்கும் இடமாக அதை விட்டுவிட்ட வளவுகள் பல. யாழ்ப்பாணத்தின் பழைய வளவுகளிலும், மலையகத்தில் லயங்களுக்குப் பின்னால் பலா மரங்கள் நிற்கும் சிறு துண்டுகளிலும் இதே கதைதான்.

இன்னொரு பக்கம் காட்டைப் பாருங்கள். நன்னாரி வேர், சாத்தாவாரிக் கிழங்கு, கொடிவேலி வேர் என்று எமது பரியாரிமார் கேட்கும் சரக்குகள் பல, மரங்களின் கீழும் பற்றைகளின் ஓரத்திலும் வளரும் பல்லாண்டுச் செடிகளின் நிலத்தடிப் பாகங்களே. அலவாங்கு கொண்டு அவற்றைத் தோண்டும்போது செடியோடு அதன் வருங்காலமும் போய்விடுகிறது. காடு சுருங்கச் சுருங்கத் தோண்டும் இடமும் சுருங்குகிறது. எமது நாட்டுச் சுதேச வைத்தியத்துக்கு வேண்டிய உலர் மூலிகைகளில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து இறக்குமதியாகிறது. எமது மண்ணிலேயே முளைக்கக்கூடிய செடிகளின் வேருக்கும் நாம் அந்நியச் செலாவணி கொடுக்கிறோம்.

இந்த இரண்டு குறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். காட்டுச் செடி தேடுவது நிழல். எமது வளவில் மிஞ்சிக் கிடப்பதும் நிழல். இரண்டையும் இணைப்பதற்கு வேண்டியது விதை. விதையை எப்படி எடுப்பது, எப்படி முளைக்க வைப்பது, எவ்வளவு காலம் காத்திருப்பது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

காட்டின் அடித்தளம் கற்பிக்கும் பாடம்

எமது உலர் வலயக் காட்டில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகிய மரங்கள் மேலே குடை பிடிக்கின்றன. அவற்றின் கீழே வெளிச்சம் குறைவு. மார்கழி, தை கழிந்து மழை விட்டால் மாதக்கணக்கில் வறட்சி. இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவே வாழும் செடி, கிடைத்த சிறிதளவு உணவை வேரிலும் கிழங்கிலும் சேமித்து வைக்கிறது. வறட்சியில் மேற்பாகம் வாடினாலும் அல்லது பட்டுப்போனாலும் நிலத்தடியில் உயிர் இருக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் மறுபடி தளிர்க்கும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, இச்செடிகள் மெதுவாக வளர்பவை. நாம் ஒரு நிமிடத்தில் தோண்டி எடுக்கும் கிழங்கு பல ஆண்டுச் சேமிப்பு. இரண்டாவது, இவற்றுக்கு உச்சி வெயிலும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். இலைகளின் ஊடாகப் புள்ளி புள்ளியாக விழும் வெயிலே போதும்.

உங்கள் வளவின் நிழல் எப்படிப்பட்டது என்று அறிய எளிய வழி உண்டு. உச்சி வேளையில் ஒரு வெள்ளைச் சாக்கை மரத்தின் கீழ் விரித்துப் பாருங்கள். சாக்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெயிற் புள்ளிகள் விழுந்தால் அது நல்ல இடம். வேம்பு, தென்னை, முருங்கை ஆகியவற்றின் கீழ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சாக்கு முழுவதும் இருண்டு கிடந்தால் அது கடும் நிழல். நன்கு அடர்ந்த மா, பலா, புளி ஆகியவற்றின் நடுவடி இத்தகையது. அங்கே தாழ்ந்த கிளைகள் இரண்டொன்றைக் கழித்து வெளிச்சம் விடலாம். அல்லது அடிமரத்தை விட்டு விலகி, கிளை நுனிகளிலிருந்து மழைநீர் சொட்டும் வட்டத்தை ஒட்டி நடலாம். அடிமரத்தை அண்டிய இடத்தில் வெளிச்சம் குறைவு என்பதோடு, மர வேர்கள் மண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

சருகை எரிப்பதை முதலில் நிறுத்துங்கள். காட்டு மண்ணின் வளம் சருகிலிருந்தே வருகிறது. சருகு மக்கினால் மண் இளகும், ஈரம் நிற்கும், விதைக்கு மெத்தை கிடைக்கும். ஓராண்டுச் சருகைக் கூட்டி ஒரு மூலையில் குவித்து, இடைக்கிடை நீர் தெளித்து வந்தால், அடுத்த ஆண்டு நாற்றுமேடைக்கு வேண்டிய மக்கு உங்கள் கையில் இருக்கும்.

வேரா, விதையா?

காட்டிலிருந்து ஒரு கிழங்கைக் கொண்டுவந்து வளவில் நட்டால் விரைவில் பலன் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது காட்டின் கணக்கில் ஒன்றைக் கழித்து எமது கணக்கில் ஒன்றைக் கூட்டுவது மட்டுமே. மொத்தத்தில் ஒன்றும் பெருகவில்லை. வழியில் பட்டுப்போனால் அதுவும் நட்டம். ஒரு செடியின் பழங்களிற் சிலவற்றை எடுத்தாலோ, தாய்ச் செடி இருந்த இடத்தில் இருக்க, எமக்குப் பல கன்றுகள் கிடைக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கிழங்கைப் பிரித்துப் பிரித்து நட்ட செடிகள் எல்லாம் ஒரே குணம் உடையவை. ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாக விழக்கூடும். விதையிலிருந்து வந்த கன்றுகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். ஒன்று வறட்சியைத் தாங்கும், ஒன்று ஈரத்தைத் தாங்கும். எதிர்காலத்துக்கு இந்த வேறுபாடே காப்பு.

எல்லாச் செடிக்கும் விதைதான் வேண்டும் என்பதில்லை. ஆடாதோடையும் சீந்திலும் தடி வெட்டி ஊன்றினால் வரும். தாய்ச் செடிக்கும் கேடில்லை. அவற்றை வேலிக் கதியாலோடு சேர்த்தே நட்டுவிடலாம். வேரையே விலையாகக் கொடுக்கும் செடிகளுக்குத்தான் விதை முக்கியம்.

வேர் வணிகம் ஒரு செடியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குச் சர்ப்பகந்தி ஓர் எடுத்துக்காட்டு. சிங்களத்தில் ஏகவேரிய எனப்படும் இச்சிறு செடியின் வேரை எமது வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். 1952ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சிபா நிறுவன விஞ்ஞானிகள் அதிலிருந்து றிசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக அது உலகெங்கும் பரவியது. வேருக்குக் கேள்வி பெருகியது. இந்தியக் காடுகளில் இச்செடி கூட்டம் கூட்டமாகத் தோண்டப்பட்டது. இன்று அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் அதன் பெயர் இருக்கிறது. ஒரு செடியின் பயனை உலகம் அறிந்துகொண்ட வேகத்தில் அதைப் பயிரிடக் கற்றுக்கொள்ளவில்லை.

விதை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் எங்கே எடுப்பது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டமும், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் ஒதுக்கக் காடுகளையும் சரணாலயங்களையும் காக்கின்றன. அங்கே அனுமதியின்றிச் செடியிலோ விதையிலோ கைவைக்கக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. பழைய வேலிகள், குளக்கட்டுக்கு அப்பாலுள்ள தனியார் பற்றைகள், கோயில், ஆலய வளவுகள், பரியாரிமாரின் தோட்டங்கள் என ஊருக்குள்ளேயே தாய்ச் செடிகள் உண்டு. உரியவரிடம் கேட்டு எடுங்கள். ஒரு செடியில் பழுத்திருப்பதில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். விதை சேகரிப்போர் பல நாடுகளில் கைக்கொள்ளும் அளவு இது. மிகுதி பறவைக்கும் மண்ணுக்கும் உரியது. இயன்றால் ஒரே செடியில் எடுக்காமல் பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுங்கள்.

அடுத்து, நன்கு பழுத்ததையே எடுக்க வேண்டும். பச்சைக் காயில் இருக்கும் விதை முற்றாதது. பழம் நிறம் மாறி, தொட்டால் கழன்று வரும் பருவமே சரியான பருவம். இது ஊருக்கு ஊர், மழைக்கு மழை முந்திப் பிந்தும். ஆகவே நாட்காட்டியைப் பார்க்காமல் செடியைப் பாருங்கள்.

சதைப் பழமானால் சதையை முழுதும் கழுவி நீக்க வேண்டும். காட்டில் இந்த வேலையைக் கொண்டைக்குருவி போன்ற பறவைகள் செய்கின்றன. பழத்தை விழுங்கிச் சதையைச் செரித்து, விதையை வேறிடத்தில் எச்சமாக இடுகின்றன. சதையோடு விதைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு இழுக்கும். பல பழங்களின் சதையில் விதை முளைப்பதைத் தடுக்கும் பொருள்களும் உண்டு. பழங்களை ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, அரிதட்டில் இட்டுக் கையால் மசித்துக் கழுவினால் விதை தனியே வரும்.

கழுவிய விதையை நீரில் இட்டுப் பாருங்கள். மிதப்பவை பெரும்பாலும் பதர். அமிழ்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு வால் உள்ள விதைகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

பின்னர் நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் பரப்ப வேண்டாம். ஓரிரு நாளில் விதைக்கப் போகிறீர்களாயின் நீர் வடிந்தால் போதும். வைத்திருக்க வேண்டுமானால் ஒரு கிழமை உலர்த்திக் கடதாசி உறையில் இட்டு, வறுத்து ஆறவைத்த அரிசி சிறிதளவு போட்ட போத்தலில் மூடி வையுங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உறையில் செடியின் பெயர், இடம், திகதி மூன்றையும் எழுத மறவாதீர்கள். எவ்வளவு நன்றாக வைத்தாலும், இத்தகைய விதைகளுக்குப் புதுமையே பலம்.

நாற்றுமேடை

அகன்ற மண்சட்டி, ஓட்டையிட்ட பழைய பிளாஸ்ரிக் பேசின், எதுவும் உதவும். ஒரு சாண் ஆழம் இருந்தால் நன்று. அரித்த செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, அரித்த சருகு மக்கு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். அதன்மேல் கொதிநீரை ஊற்றி ஆறவிட்டால் களை விதைகளும் எறும்பும் பெருமளவு ஒழியும்.

விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் விதைத்தால் போதும். மேலே மெல்லிய மணற் படை ஒன்றைத் தூவுங்கள். மணல் விரைவில் காய்வதால் நாற்றின் கழுத்து அழுகுவது குறையும். சட்டியைக் கற்களின் மேல் வைத்து ஈரச் சாக்கால் மூடுங்கள். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். பிந்தினால் நாற்று வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். அதன்பின் கோழி கிளறாதபடி கம்பி வலையோ முள்ளோ இடுங்கள்.

நீரைக் காலையில், பூவாளியால் தெளிக்க வேண்டும். பூவாளி இல்லாதோர் பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் ஊசியால் துளையிட்டுப் பாவிக்கலாம். மாலையில் நனைத்தால் இரவெல்லாம் ஈரம் நின்று நாற்றழுகல் வரும்.

இந்த வேலையில் மிகக் கடினமானது காத்திருத்தல். கீரை விதைத்தவர் மூன்றாம் நாள் முளை பார்ப்பார். காட்டு விதை அப்படியல்ல. அதன் கடின உறை நீரை மெதுவாகவே உள்ளே விடும். ஒரே பழத்தின் விதைகள்கூட ஒன்றாக முளைப்பதில்லை. இன்று ஒன்று, அடுத்த மாதம் இரண்டு என்று வரும். இது விதையின் குறை அல்ல. ஏமாற்று மழை ஒன்று பெய்து ஓய்ந்தால் எல்லாக் குஞ்சுகளும் ஒரே நாளில் கருகிப்போகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆகவே முளைக்கவில்லை என்று சட்டியைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு முழு மழைக்காலம் கழியும்வரை ஈரம் காத்து வையுங்கள். பலருடைய முயற்சி முறிவது இந்த இடத்தில்தான்.

நாற்றில் மூன்று நான்கு இலை வந்ததும் பொலித்தீன் பைக்கு மாற்றலாம். நிலத்தில் நடுவதற்கு உலர் வலயத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையே பொருத்தமான காலம். கோடையில் இறைக்க நீர் உள்ளவர்கள் விதை கிடைத்த உடனே விதைத்து, கன்றுகளைப் பையில் வளர்த்து, மழையோடு நடலாம். 50 பைகளுக்கு, பை ஒன்றுக்கு 100 மில்லிலீற்றர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 5 லீற்றர் நீர் வேண்டும். கோடையில் கிணறு வற்றும் இடங்களில் விதையை உலர்த்தி வைத்து, ஆவணியில் விதைப்பது நல்லது. சில விதைகள் இழப்பாகும். ஆனால் கன்றுகள் வறட்சியில் சாவதைத் தவிர்க்கலாம்.

தொடங்குவதற்கு ஏற்ற செடிகள்

சாத்தாவாரி: தண்ணீர்விட்டான் என்றும் பெயர். முள்ளோடு படரும் கொடி. ஊசி போன்ற மெல்லிய பச்சை. சிங்கள மக்கள் ஹாத்தாவாரிய என்று அழைத்து இலைக்கஞ்சிக்கு இதன் தளிரைச் சேர்ப்பர். சிறு பழம் சிவக்கும்போது எடுத்துக் கழுவினால் உள்ளே கறுத்த கடின விதை இருக்கும். ஓர் இரவு நீரில் ஊறவிட்டு விதைத்தால் மூன்று முதல் ஆறு கிழமைகளில் முளை காணலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே முதற் செடி. வேலி ஓரத்தில் இரண்டடி இடைவெளியில் நட்டுக் கம்பு ஊன்றிவிடுங்கள். கஞ்சிக்குத் தளிர் கிள்ளலாம். கிழங்கைத் தோண்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

நன்னாரி: சிங்களத்தில் இரமுசு. வேரில் வனிலாவை ஒத்த மணம். கோடையில் வேரை அவித்துக் குடிப்பது எம் எல்லாருக்கும் தெரிந்ததே. மெலிந்த காய்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே விரிந்து நிற்கும். முற்றி வெடித்தால் பஞ்சு வால் கட்டிய விதைகள் காற்றோடு போய்விடும். ஆகவே காய் பழுப்பேறத் தொடங்கும்போது நுளம்புவலைத் துண்டொன்றைப் பையாக்கிக் காயின்மேல் கட்டிவிடுங்கள். வெடித்ததும் விதை பைக்குள் இருக்கும். பஞ்சை நீக்கித் தாமதமின்றி விதையுங்கள். வேர் மெலிந்து ஆழமாகப் போவதால் நீண்ட பையில் வளர்ப்பது நல்லது. பயன் தரும் வேருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும்.

கொடிவேலி: சித்திரமூலம் என்பதும் இதுவே. வெள்ளைப் பூ. தாவரவியலார் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு இதற்கு இட்ட பெயரில் இலங்கை இருக்கிறது. பிளம்பாகோ செய்லானிக்கா என்றால் இலங்கைக் கொடிவேலி. பூவின் அடிக்கிண்ணத்தில் பசையுள்ள மயிர்கள் உண்டு. அவை ஆட்டின் உடம்பிலும் எமது சாரத்திலும் ஒட்டிக்கொண்டு விதையைப் பரப்பும். காய்ந்த கிண்ணங்களைக் கிள்ளி எடுத்து அப்படியே விதைக்கலாம். அதிகம் தாமதியாமல் முளைக்கும். கடும் நிழலையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் எச்சரிக்கை வேண்டும். பச்சை வேர் தோலிற் பட்டால் கொப்புளிக்கும். கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்தானது. வைத்தியர் சுத்தி செய்தே பாவிப்பார்.

சர்ப்பகந்தி: மழை மிகுந்த ஈர வலயத்துக்கும் இடை வலயத்துக்கும் உரியது. மலையடிவாரத் தோட்டங்களில் வாழ்வோர் முயலலாம். கறுத்த பழத்தைக் கழுவி, அமிழும் விதையை மட்டும் ஒரு நாள் ஊறவிட்டு விதைக்க வேண்டும். நல்ல விதையிலும் பாதிக்கு மேல் முளைப்பது அரிது. ஆகவே நூறு கன்று வேண்டுமானால் முந்நூறு விதை இடுங்கள். ஆறு மாதம் கடந்த விதையை நம்ப வேண்டாம்.

கார்த்திகைப்பூ: காந்தள் என்பதும், கிழங்கின் வடிவத்தால் கலப்பைக் கிழங்கு என்பதும் இதையே. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும். தமிழ்நாட்டில் இதன் விதைக்காகவே வயல்களில் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள்; விதையிலுள்ள கொல்கிசின் என்ற பொருளே காரணம். முடக்கு வலிகளில் ஒன்றான கௌற்றுக்கு அது மருந்து. ஆனால் அதே பொருள் கொடிய நஞ்சு. கிழங்கை வற்றாளை என்றோ வேறு உணவுக் கிழங்கு என்றோ எண்ணி அவித்து உண்டவர்கள் எமது நாட்டில் இறந்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிலும், சாத்தாவாரி முதலிய உண்ணும் செடிகளின் பக்கத்திலும் இதை நட வேண்டாம். பாடசாலைத் தோட்டத்துக்கும் ஏற்றதல்ல. தனி இடமும் வேலியும் உள்ளவர்கள் இதன் வித்தினம் அழியாதிருக்க வளர்க்கலாம். செம்மஞ்சள் உறை கொண்ட விதை முளைக்க மூன்று கிழமையும் செல்லும், மூன்று மாதமும் செல்லும். முதற் பூக் காண மூன்று, நான்கு ஆண்டுகள்.

நட்ட பின்னர்

முதல் இரண்டு கோடைகளைக் கடத்திவிட்டால் இச்செடிகள் பின்னர் எம்மை அதிகம் கேளா. அந்த இரண்டு கோடைகளில், அடியைச் சுற்றி நாலு விரல் தடிப்புக்குச் சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் சிறிது இடம் விடுங்கள். சருகு இருக்கும் இடத்தில் கறையான் வரலாம். வாரம் ஒருமுறை கிளறிப் பார்ப்பது போதும். கிழமைக்கு இரண்டு முறை நன்றாக ஊறும்படி நீர் விடுவது, நாள்தோறும் மேலாகத் தெளிப்பதிலும் மேல். வேர் ஆழம் தேடிப் போகும். இரசாயன உரம் தேவையில்லை. மழைக்கு முன் ஒரு கூடை கூட்டெரு போதும்.

ஆவணியில் செடியின் மேற்பாகம் முற்றாகக் காய்ந்துவிட்டால் பட்டுவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கிழங்கு உறங்குகிறது. இடம் மறந்து மண்வெட்டி போடாதிருக்க ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தடியை நட்டு, தகரத் துண்டில் பெயர் எழுதித் தொங்கவிடுங்கள். நஞ்சுள்ள செடிக்குச் சிவப்பு அடையாளம் இடுங்கள்.

தோண்டும் காலம் வரும்போது ஒரு விதியை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று செடிகளில் ஒன்று விதைக்காக நிற்க வேண்டும். மற்ற இரண்டின் விதையையும் எடுத்த பின்னரே தோண்ட வேண்டும். இந்த ஒழுங்கு இருந்தால் ஒருமுறை தேடிய விதையை மறுமுறை வெளியே தேட வேண்டியதில்லை.

வருமானம் உண்டா?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. ஒரு வளவின் நிழலில் வளரும் மூலிகை ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பாது. முதலிரண்டு ஆண்டுகளில் ஒரு சதமும் வராது. கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். எவராவது ஒருவர் வந்து விதையை விலைக்குத் தந்து, விளைவை முழுதும் வாங்குவேன் என்றால், எழுத்தில் கேளுங்கள். தனியே கையொப்பமிடாமல் சங்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

இதன் பயன் வேறு விதமானது. கஞ்சிக்கு இலையும், காய்ச்சற் காலத்துக்கு வேரும் வீட்டிலேயே கிடைக்கின்றன. ஊர்ப் பரியாரியாருக்குக் கலப்படமற்ற பச்சைச் சரக்குக் கிடைக்கிறது. பையில் வளர்த்த கன்றுகளை விற்பது, வேரை விற்பதிலும் விரைவில் சிறு பணம் தரும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் கன்று வகையும் தொகையும் கூடும். வாங்குபவரிடம் விலை பேசவும் முடியும். சரக்கைக் கொடுப்பதற்கு முன், வாங்கும் வைத்தியசாலையோ மருந்துக் கடையோ எந்த நிலையில், எந்தப் பருவத்தில் கேட்கிறது என்று அறிந்துகொண்டு நடுவது புத்தி.

மருந்தாகப் பாவிப்பது பற்றியும் ஒரு சொல். வளர்ப்பது எமது வேலை, மருந்து கொடுப்பது வைத்தியரின் வேலை. இலைக்கஞ்சிக்கும் நன்னாரித் தண்ணீருக்கும் அப்பால் எவரும் தாமாக அளவு தீர்மானிக்கக் கூடாது. செடி இன்னதுதான் என்று ஐயம் இருந்தால் பூவும் காயும் உள்ள ஒரு கிளையோடு அறிந்தவரிடம் போங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984ஆம் ஆண்டு முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. கிழக்கில் திருகோணமலை வளாகத்திலும் அக்கல்வி உண்டு. செடி இனம் காண்பதற்குப் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது.

ஊரின் விதைப் பெட்டி

காட்டுச் செடி எங்கே நிற்கிறது, எப்போது பழுக்கிறது என்ற அறிவு எமது ஊர்களில் முதியவர்களிடமே இருக்கிறது. இடப்பெயர்வுகளில் ஏடுகள் பல அழிந்தன. அறிந்தவர்களும் ஒவ்வொருவராக மறைகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு நன்னாரி தெரிவது கடையில் விற்கும் போத்தலின் பெயராக மட்டுமே. விதை அழிவது போலவே அதைப் பற்றிய அறிவும் அழிகிறது. ஒன்றைக் காத்து மற்றதை விட்டால் பயனில்லை.

ஆகவே தனித்தனியாகத் தொடங்குவதிலும், மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ பொறுப்பேற்பது நல்லது. ஒரு தகரப் பெட்டியும் ஓர் அப்பியாசக் கொப்பியும் போதும். பெட்டியில் விதை உறைகள். கொப்பியில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம்: ஊரிலே வழங்கும் பெயர், தாய்ச் செடி நிற்கும் இடம், பூத்த மாதம், பழுத்த மாதம், விதைத்த திகதி, முதல் முளை கண்ட திகதி, நூற்றுக்கு எத்தனை முளைத்தன என்ற கணக்கு. எழுதும் வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் விடலாம். கேட்டுச் சொல்லும் வேலை அம்மம்மாமாருக்கும் அப்பப்பாமாருக்கும். பெட்டியிலிருந்து விதை எடுத்தவர், தமது செடி காய்த்ததும் எடுத்ததைப் போல இரண்டு மடங்கு திருப்பி வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மூன்று ஆண்டுகள் இப்படி எழுதினால், எமது ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் பொருந்திய கைநூல் ஒன்று எம்மிடமே இருக்கும்.

இந்த ஆண்டு ஒரே ஒரு செடியோடு தொடங்குங்கள். சாத்தாவாரி நல்லது. எந்த வேலியில் அது சிவந்து காய்த்து நிற்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். இருபது விதை போதும். வரும் கார்த்திகை மழைக்குள் உங்கள் மா மரத்தின் சொட்டு வட்டத்தில் அவற்றுள் பத்துக் கன்றாவது நிலத்தில் இறங்கியிருக்க வேண்டும். அதுவரை சருகுக்கு நெருப்பு வைக்காதீர்கள்.